எழுதிய தகடும் படிக்காத கருவியும்: ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

நம் இலக்கிய வட்டம் 2015ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. ஒரு திங்கள் இராசபாளையத்திலும் மறு திங்கள் திருவில்லிபுத்தூரிலுமாக நம் கூட்டங்கள் நடந்து வருகின்றன. பத்தாண்டு நிறைவை ஒட்டி, இவ்விரு ஊர்களிலும் நிகழ்ந்த இலக்கியக் கூட்டங்களின் ஒலி, ஒளிப் பதிவுகளைத் திரட்டும் பணி என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. உறுப்பினர்கள் தத்தம் வீட்டு அலமாரிகளிலிருந்து கொணர்ந்து தந்தவை மொத்தம் 43 தகடுகள். வட்டம் தோன்றுவதற்கு முன்னரே நிகழ்ந்த கவியரங்குகளும் பட்டிமன்றங்களும் அவற்றுள் அடங்கும்.

அவற்றுள் 31 தகடுகள் இடையூறின்றி ஓடின. 9 தகடுகள் ஒரு கருவியில் பேசி, மற்றொரு கருவியில் வாய்மூடிக் கொண்டன. எஞ்சிய 3 தகடுகள் எந்தக் கருவியிலும் வாய் திறக்கவில்லை. அம்மூன்றும் நம் வட்டத்தின் தொடக்க விழாவைப் பதிவு செய்தவை என்பதும், அன்று தலைமையேற்றுக் கவிதை படித்த மூத்த கவிஞர் இன்று நம்மிடையே இல்லை என்பதும் வட்டத்தினர் அனைவரும் அறிந்தவையே.

பேச மறுத்த 12 தகடுகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கீறல் இல்லை, பூஞ்சணம் இல்லை. பழுதின்றி இருக்கும் ஒரு தகடு ஏன் பேச மறுக்கிறது? இவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை. தொழில்நுட்பம் என் துறை அன்று. ஆயினும், எழுதப்பட்ட ஒன்றைப் படிப்பவர் யார் என்னும் வினா, சுவடிப் பதிப்பு வரலாற்றைப் பயில்வோர்க்குப் புதியதன்று. அவ்வுறவைக் கொண்டே இதனை எழுதத் துணிகிறேன்.

இசைத்தட்டுக் காலத்துப் பிணக்கு

பதிவுக்கும் கருவிக்கும் இடையிலான பிணக்கு குறுந்தகட்டுடன் பிறந்ததன்று. எடிசன் 1877இல் கண்டறிந்த போனோகிராப், உருளையில் ஒலியைப் பதித்தது. பெர்லினர் 1887இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கிராமபோன், தட்டையான தட்டில் பதித்தது. உருளைக்குரிய கருவியில் தட்டு ஓடாது; தட்டுக்குரிய கருவியில் உருளை ஓடாது.

தட்டுகளுக்குள்ளேயே வேறுபாடு இருந்தது. கெய்ஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர் 1902இல் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரின் பாடல்களைக் கிராமபோன் நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார். அத்தட்டுகளில் ஊசி பக்கவாட்டில் அசைந்து ஒலி எழுப்பும். பிரான்சு நாட்டுப் பாத்தே நிறுவனத்தின் தட்டுகளிலோ ஊசி மேலும் கீழுமாக அசைய வேண்டும். எஃகு ஊசிக்கு மாறாக நீலக்கல் முனை வேண்டும். தொடக்ககாலத் தட்டுகள் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடின. கல்கத்தாவின் எச். போஸ் சுதேசி உணர்வு பொங்கிய நாள்களில் இரவீந்திரநாத் தாகூர் உள்ளிட்டோரின் குரலை உருளைகளில் பதிவு செய்தார். அவருடைய பதிவுகள் பின்னர்ப் பாத்தே வழியாகத் தட்டுகளாயின. கிராமபோன் வைத்திருந்த ஒருவர் அத்தட்டைத் தம் பெட்டியில் சுழலவிட்டால் ஒழுங்கான ஒலி கிட்டாது, தட்டும் கெடும். தட்டு உருவில் ஒன்றே. படிக்கும் முறை வேறு.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் ஒலியின் இயல்பன்று. நிறுவனங்களின் போட்டியும் உரிமங்களுமே. இக்காரணம் ஒரு நூற்றாண்டு கழித்து மீண்டும் வருவதைக் காணலாம்.

தகடுகளின் இலக்கண நூல்கள்

பிலிப்சு, சோனி ஆகிய இரு நிறுவனங்களும் இணைந்து உருவாக்கிய குறுந்தகடு 1982இல் விற்பனைக்கு வந்தது. விட்டம் 120 மில்லிமீட்டர், கனம் 1.2 மில்லிமீட்டர். குறுந்தகடு இவ்வாறுதான் இருக்கவேண்டும் என வகுத்த விதித்தொகுப்புக்கு, அதன் அட்டை நிறத்தால் 'சிவப்பு நூல்' என்று பெயர் வழங்கியது. பின்னர் கணினித் தரவுக்கு மஞ்சள் நூலும், எழுதத்தக்க தகட்டுக்கு 1990இல் ஆரஞ்சு நூலும், வி.சி.டி.க்கு 1993இல் வெள்ளை நூலும் எழுந்தன. எழுத்துக்கும் சொல்லுக்கும் இலக்கணம் வகுத்ததுபோல் தகட்டுக்கும் இலக்கணம் வகுத்தனர் எனலாம்.

சிவப்பு நூலின் தகடு அச்சுக் கூடத்தில் அழுத்தி எடுக்கப்படுவது. அதன் பரப்பில் நுண்ணிய குழிகள் உள்ளன. மேலே அலுமினியப் பூச்சு. கருவியிலிருந்து செல்லும் லேசர் ஒளி, குழியில் ஒருவகையாகவும் சமதளத்தில் வேறுவகையாகவும் திரும்பி வருகிறது. அவ்வேறுபாட்டையே கருவி படிக்கிறது. எழுதத்தக்க தகட்டில் குழி கிடையாது. சாயப் படலம் ஒன்று உண்டு. வலிமை மிக்க லேசர் அச்சாயத்தைச் சுட்டு அடையாளமிடுகிறது. படிக்கும் கருவிக்கு அவ்வடையாளம் குழிபோலத் தோன்றும். அதாவது, எழுதத்தக்க தகடு அச்சுத் தகட்டைப்போல் நடிப்பது. ஜப்பானின் தாயோ யூடன் நிறுவனம் 1980களின் இறுதியில் இதனை உருவாக்கியபோது, ஏற்கெனவே வீடுகளில் இருந்த கருவிகளும் இதனைப் படிக்கவேண்டும் என்பதையே குறிக்கோளாகக் கொண்டது. நடிப்பு பெரும்பாலும் வென்றது. தோற்ற இடங்களே நம் வரலாறு.

திரும்பி வராத ஒளி

அச்சுத் தகடு தன்மேல் படும் ஒளியில் 70 விழுக்காட்டுக்குக் குறையாமல் திருப்பி அனுப்பவேண்டும் என்பது விதி. எழுதத்தக்க தகடு ஏறத்தாழ அதனை எட்டிவிடும். ஆனால் 1997இல் வந்த, அழித்து எழுதத்தக்க தகடு 15 முதல் 25 விழுக்காடு ஒளியையே திருப்பியது. பழைய கருவிகளின் கண்ணுக்கு அவ்வளவு மங்கிய ஒளி புலப்படவில்லை. தகடே இல்லை என்று அவை அறிவித்தன. நம் 9 தகடுகளில் 2 இவ்வகையின.

ஒளியின் நிறமும் சிக்கலை விளைத்தது. குறுந்தகட்டைப் படிப்பது 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி. நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. 1996இல் ஜப்பானில் வெளிவந்த டி.வி.டி. கருவியோ 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியைப் பயன்படுத்தியது. எழுதத்தக்க குறுந்தகட்டின் சாயம் அகச்சிவப்புக்கு ஏற்ப அமைந்தது; சிவப்பு ஒளியை அது திருப்பி அனுப்பாது. எனவே தொடக்ககால டி.வி.டி. கருவிகள் பல, கடையில் வாங்கிய குறுந்தகட்டைப் படித்தன. வீட்டில் எழுதிய குறுந்தகட்டைப் படிக்கவில்லை. வியப்புக்குரியது யாதெனின், பழைய கருவிகள் ஒதுக்கிய அழித்து எழுதும் தகட்டை, சாயமின்றி உலோகக் கலவையால் ஆன காரணத்தால், இக்கருவிகளில் சில படித்தன. இரண்டு லேசர்களை ஒரே கருவியில் அமைத்த பின்னரே இச்சிக்கல் தீர்ந்தது.

கழித்தலும் கூட்டலும்

இதுவரை கூறியவை பொருளின் இயல்பால் எழுந்த இடர்கள். இனிக் கூறுவது மனிதர் விளைத்தது. எழுதத்தக்க டி.வி.டி. 1997இல் முதன்முதலாக வந்தது, அதனை டி.வி.டி. மன்றம் என்னும் நிறுவனக் கூட்டமைப்பு ஏற்றது. அதே ஆண்டில் பிலிப்சு, சோனி, எச்.பி., ரிக்கோ முதலிய நிறுவனங்கள் தனிக் கூட்டணி அமைத்து வேறொரு முறையை வகுக்கத் தொடங்கின. அதன் ஒருமுறை எழுதத்தக்க தகடு 2002இல் கடைக்கு வந்தது. முன்னதன் பெயரில் இணைப்புக்கோடு இருந்தது. மக்கள் அதனைக் கழித்தல் குறியாகப் படித்து 'மைனஸ் ஆர்' என்றனர். பின்னதன் பெயரில் கூட்டல் குறி. அது 'பிளஸ் ஆர்' ஆயிற்று.

இரண்டும் கண்ணுக்கு ஒன்றே. வெற்றுத் தகடு வாங்கச் சென்றால் கடைக்காரர் "மைனசா, பிளஸ்சா?" என்று கேட்ட நாள்கள் பலர்க்கும் நினைவிருக்கும். வீட்டு ரைட்டர் ஒன்றை மட்டுமே எழுதும். வீட்டுப் பிளேயர் மற்றதை மட்டுமே படிக்கும். இரண்டையும் எழுதவல்ல கருவி 2002இல் வந்து, நாளடைவில் அதுவே வழக்கமான பின்னரே இப்பிணக்கு தணிந்தது.

பழைய கருவிகள் கூட்டல் தகட்டை ஏற்க மறுத்ததற்கு ஒரு காரணம் சுவையானது. ஒவ்வொரு டி.வி.டி.யும் தன் தொடக்கத்தில் தான் எவ்வகை நூலைச் சார்ந்தது என்பதைக் குறிக்கும் சிறு குறிப்பைக் கொண்டுள்ளது. கூட்டல் தகடு பிறக்குமுன் செய்யப்பட்ட கருவிக்கு அவ்வகையே தெரியாது. தெரியாததை அது வாங்கிக் கொள்ளவில்லை. எனவே, 'நான் அச்சுத் தகடு' என்று அக்குறிப்பை மாற்றி எழுதும் வழியைக் கண்டனர். அவ்வாறு எழுதியதும் கருவி படித்தது! தீமையற்ற பொய்க்கு வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் அளித்த இடம் இத்தகட்டுக்கும் பொருந்தும் போலும். நம் 9 தகடுகளில் 4 கூட்டல் வகையின. இராசபாளையத்து உறுப்பினர் ஒருவர் வீட்டிலுள்ள பழைய பிளேயர் அவற்றை மறுத்தது. திருவில்லிபுத்தூரில் மற்றொரு வீட்டிலுள்ள பிற்காலப் பிளேயர் நான்கையும் படித்தது. பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவுக்குள் ஒரே கவியரங்கம் ஓர் ஊரில் ஊமையாகவும் மறு ஊரில் பேசுவதாகவும் இருந்தது.

முற்றுப் பெறாத எழுத்து

எஞ்சிய 3 தகடுகளின் காரணம் வேறு. அவற்றுள் ஒன்று என்னுடையது. அதனைச் சற்று விரித்துக் கூறவேண்டும்.

குறுந்தகட்டின் தொடக்கத்தில் பொருளடக்கப் பகுதி ஒன்று உண்டு. எத்தனை பாடல்கள், எங்குத் தொடங்குகின்றன என்பதை அதுவே கூறும். எழுதத்தக்க தகட்டில் அப்பொருளடக்கம் இறுதியில்தான் எழுதப்படும். எழுதியவர் 'முடித்துவை' என்று ஆணையிட வேண்டும். அதற்குமுன் அது அச்சேறாத நூலைப் போன்றது. எழுதிய கருவிக்கு மட்டுமே விளங்கும். ஒரே தகட்டில் பல நாள்கள் சிறிது சிறிதாக எழுதவும் இயலும். அவ்வாறு எழுதினால் ஒவ்வோர் அமர்வுக்கும் ஒரு பொருளடக்கம் அமையும். கணினி எல்லாவற்றையும் தேடிப் படிக்கும். வீட்டு இசைக்கருவியோ முதல் பொருளடக்கத்தோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் ஏதுமில்லை என்று கருதும்.

2007இல் முனைவர் பட்ட ஆய்வுக்காக மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் முதிய பெண்மணி ஒருவரிடம் பாடல்களைப் பதிவு செய்தேன். முதல் நாள் தாலாட்டு. இரண்டாம் நாள் கும்மி. மூன்றாம் நாள் நடவுப் பாடல்கள். அன்றன்றைய பதிவை ஒரு கணினி மையத்தில் கொடுத்து ஒரே தகட்டில் எழுதி வாங்கினேன். பணி முடிந்ததும் அதன் படியொன்றை அவ்வாறே எழுதச் செய்து அவர் வீட்டாரிடம் தந்தேன். அவர்கள் வீட்டில் வி.சி.டி. பிளேயர் இருந்தது. அடுத்த முறை சென்றபோது அவர் சொன்னார்: "நடவுப் பாட்டு ஒண்ணுகூட இதுல இல்லையே, தாயி. தாலாட்டு மட்டுந்தான் வருது." கருவியில் ஏதோ கோளாறு என்று எண்ணி, வேறு வீட்டில் போட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தேன். என் ஆய்வேட்டின் கணினியில் மூன்று நாள் பாடலும் கேட்டன. ஆகவே எனக்கு ஐயம் எழவில்லை. அப்பெண்மணி 2009இல் மறைந்தார். தம் பாடல்களில் சிறந்தவை என்று அவர் கருதிய நடவுப் பாடல்களைத் தம் குரலில் அவர் கேட்கவே இல்லை.

அமர்வு, பொருளடக்கம், முடித்துவைத்தல் என்பனவற்றை இம்மலருக்காகக் கற்றபோதுதான் என் பிழை எனக்கு விளங்கியது. பழுது அவர்கள் வீட்டுக் கருவியில் இல்லை. அது தன் இலக்கணப்படியே நடந்துகொண்டது. எனக்குப் படிக்கக் கிடைத்தது, பாடியவர்க்கும் படிக்கக் கிடைக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. ஆய்வாளர்க்கு இது சிறு குற்றமன்று. மூன்று நாள் பாடல்களையும் அண்மையில் பெயர்த்தெடுத்து அவருடைய பேரனின் கைப்பேசியில் சேர்ப்பித்தேன்.

எந்தக் கருவியிலும் திறவாத தொடக்க விழாத் தகடுகள் இக்குறைபாட்டின் முதிர்ந்த நிலை. அவை 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறு டி.வி.டி.கள். 2000களில் விற்பனையான கைப்படக்கருவிகள் சில, காட்சியை நேரே இத்தகட்டில் எழுதின. ஒன்றில் ஏறத்தாழ அரைமணி நேரம் பதியும். பிற கருவிகளில் ஓடவேண்டுமாயின் அதே படக்கருவியில் முடித்துவைக்க வேண்டும். நம் விழாவைப் பதிவு செய்தவர் அதனைச் செய்யவில்லை. அப்படக்கருவியும் பின்னர்ப் பழைய பொருளாக விலைபோயிற்று. கணினியில் இட்டால் 'வெற்றுத் தகடு' என்றே காட்டுகிறது. தகட்டின் அடிப்புறத்தைச் சாய்த்துப் பார்த்தால், எழுதிய பகுதி மட்டும் நிறம் மாறி இருப்பது கண்ணுக்கே தெரிகிறது.

கடல் கடந்த தகடுகள்

வெளிநாடுவாழ் தமிழர்க்கு வேறொரு தடை இருந்தது. நிறுவனங்கள் வெளியிட்ட டி.வி.டி.களுக்காக உலகை மண்டலங்களாகப் பகுத்தனர். அமெரிக்காவும் கனடாவும் முதல் மண்டலம், ஐரோப்பா இரண்டாவது, சிங்கப்பூரும் மலேசியாவும் மூன்றாவது, ஆஸ்திரேலியா நான்காவது, இந்தியாவும் இலங்கையும் ஐந்தாவது. ஒரு மண்டலத்துக்கெனப் பூட்டிய தகடு மற்றொன்றின் கருவியில் ஓடாது. தமிழ் பேசுவோர் ஐந்து மண்டலங்களிலும் பரவி வாழ்ந்தனர்!

வீட்டில் எழுதிய தகட்டுக்கு மண்டலப் பூட்டு இல்லை. ஆனால் தொலைக்காட்சி முறை வேறு. இந்தியாவில் பால் முறை, 625 வரிகள், அமெரிக்காவில் என்.டி.எஸ்.சி. முறை, 525 வரிகள். இங்கிருந்து அனுப்பிய திருமணத் தகட்டை அமெரிக்காவில் விற்ற பிளேயர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. மகளின் வளைகாப்பையோ தந்தையின் மணிவிழாவையோ காண விரும்பியவர்கள் கணினியை நாட வேண்டியிருந்தது.

சுவடி தரும் பாடம்

தகடு திறந்தும் எழுத்து திறவாத நிலையையும் இங்குச் சுட்டவேண்டும். நன்கு ஓடிய 31 தகடுகளுள் சிலவற்றில் கவிதைக் கோப்புகள் இருந்தன. அவை பழைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாப், டாம் என்னும் குறியீட்டு முறைகள் தரப்படுத்தப்பட்டன. திஸ்கி முறையும் வழக்கில் இருந்தது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் எழுதியவை, உரிய எழுத்துரு இன்றேல் பொருளற்ற குறிகளாகவே தோன்றும்.

இது நமக்குப் பழகிய நிலையே. ஓலையில் புள்ளியிட்டால் கிழியும் என்பதால் புள்ளியின்றி எழுதினர். எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும், மெய்யும் உயிர்மெய்யும் வேறுபாடின்றி இருந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலைப் பிரித்துக்காட்ட வழி செய்தார். அதற்கு முந்தைய சுவடியைப் படிக்க, எழுத்தறிவு மட்டும் போதாது. யாப்பும் மரபும் அறிந்த புலவர் வேண்டும். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைக் கையிலெடுத்த உ.வே.சா., ஏடு கிடைத்ததோடு நின்றாரில்லை. அதன் கருத்தை விளங்கிக்கொள்ளச் சமணர் வீடுகளை நாடிச் சென்றார். ஏழாண்டு உழைப்பின்பின் 1887இல் நூல் வெளிவந்தது. ஏடு பாதி; படிக்கத் தெரிந்தவர் மறுபாதி.

ஓலையின் ஆயுளும் குறைவே. தலைமுறைதோறும் புத்தோலையில் படியெடுத்தவர்களாலேயே நம் இலக்கியம் பிழைத்தது. திருப்பாவை முப்பது பாட்டும் இவ்வூர் மார்கழி வைகறைகளில் இன்றும் ஒலிப்பது, வாயிலிருந்து வாய்க்கு மாறிவந்ததால். கிருட்டிணதேவராயர் இவ்வூர்க் கோதையின் கதையைத் தெலுங்கில் ஆமுக்தமால்யதாவாகப் பாடினார், இராசபாளையத்து மு. கு. ஜகந்நாதராஜா அதனைத் தமிழாக்கி நமக்குத் தந்தார். பெயர்த்து எழுதுவோர் உள்ளவரை எழுத்து வாழும். தகட்டை நாம் அவ்வாறு நடத்தவில்லை. ஒருமுறை எழுதினோம், உறையிலிட்டோம், மறந்தோம்.

முடிவுரை

தாயோ யூடன் நிறுவனம் 2015இன் இறுதியில் எழுதத்தக்க தகட்டுத் தொழிலிலிருந்து விலகியது. இந்தியாவில் 1999 முதல் எழுதத்தக்க தகடுகளைச் செய்துவந்த மோசர் பேயர் நிறுவனத்தைக் கலைக்க 2018இல் தீர்ப்பாயம் ஆணையிட்டது. சோனி நிறுவனம் எழுதத்தக்க புளூ-ரே தகட்டு உற்பத்தியை 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் தகட்டுக்கு வாயிலே இல்லை. தகடு கெடுவதற்கு முன்பே, அதனைப் படிப்போர் குறைந்து வருகின்றனர்.

எனவே வட்டத்தாரிடம் மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, வீட்டிலுள்ள தகடுகளை இவ்வாண்டிலேயே பெயர்த்தெடுத்து, இரு ஊர்களிலும் ஒவ்வொரு படி வைக்கவேண்டும். ஆண்டு விழாதோறும் அவற்றைத் திறந்து பார்த்துச் சரிபார்க்கவும் வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு பதிவோடும் நாள், இடம், எழுதிய கருவி, தகட்டின் வகை ஆகியவற்றைத் தாளில் குறித்து வைக்கவேண்டும். படித்த கவிதையின் வரிகளையும் எழுதி வைத்தல் நலம்.

மூன்றாவது, தொடக்க விழாத் தகடுகள் மூன்றும் என்னிடம் பத்திரமாக உள்ளன. முடிக்காத தகட்டிலிருந்து காட்சியை மீட்கும் மென்பொருள்கள் சில உண்டு, முயன்று வருகிறோம். ஆயினும் எழுதிய வகைப் படக்கருவியே உறுதியான துணை. சிறு டி.வி.டி.யில் பதிவு செய்யும் பழைய படக்கருவி எவர் வீட்டுப் பரணிலேனும் இருக்குமாயின், அது இயங்காது என்று எண்ணி ஒதுக்காமல், அன்புகூர்ந்து அடுத்த கூட்டத்துக்குக் கொணர்ந்து தருக. மறைந்த நம் கவிஞரின் குரலை மீண்டும் கேட்கும் வாய்ப்பு அதில் இருக்கக்கூடும்.